அனலிடிக்ஸ் தரவைக் கட்டளை வரியில் இறக்குவது: கர்லா, பிக்குவெரியா, சர்வர் லாக்கா?

உங்கள் இணையதளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எதைப் படித்தார்கள் என்ற கணக்கு கூகுள் அனலிடிக்ஸ் சேவையிடம் இருக்கிறது. அதை உங்கள் கணினிக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும். பிரவுசரைத் திறந்து, தேதியைத் தேர்ந்தெடுத்து, டவுன்லோடு பொத்தானை அழுத்துவது ஒரு வழி. டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில், ஒரு கட்டளையை எழுதிவைத்து, தினமும் ராத்திரி தானாக ஓடும்படி விட்டுவிடுவது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழிக்குள்ளேயே நாலு கிளைகள் உண்டு. எதில் போகலாம் என்று பார்ப்போம்.

இந்தப் பேச்சு வந்தாலே எது சுலபம் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். நான் முதலில் பார்ப்பது, ஒவ்வொரு கருவியும் சத்தமில்லாமல் எங்கே வெட்டுகிறது என்பதை. வெட்டு இரண்டு வகை. ஒன்று காலத்தில்: குறிப்பிட்ட தேதிக்கு முந்தைய தரவு கிடைக்காது. இன்னொன்று வரிகளில்: நீங்கள் கேட்டது பத்தாயிரம் வரி, வந்தது நூறு வரி, பிழைச் செய்தி எதுவும் இல்லை.

காலத்தில் விழுந்த பெரிய வெட்டு பலருக்கு நினைவிருக்கும். பழைய யுனிவர்சல் அனலிடிக்ஸ் 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு புதிய தரவை வாங்குவதை நிறுத்தியது. 2024 ஜூலை 1 முதல் பழைய அறிக்கைகளைத் திறந்து பார்க்கும் வழியையும் மூடினார்கள். பத்து வருஷக் கணக்கு வைத்திருந்த தளமானாலும், முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால்தான் உண்டு. இன்றைய ஜிஏ4-இல் (கூகுள் அனலிடிக்ஸ் 4) வேறு விதமான கெடு இருக்கிறது. 'எக்ஸ்ப்ளோரேஷன்' பகுதியில் அலசக்கூடிய நுண்தரவு, எதையும் மாற்றாமல் விட்டால், 2 மாதம்தான் நிற்கும். இலவசக் கணக்கில் அதை 14 மாதம் வரை நீட்டலாம். அட்மின் பக்கத்தில் 'டேட்டா ரிட்டென்ஷன்' என்ற இடத்தில் ஒரே ஒரு தேர்வுதான். எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் இதை முதலில் மாற்றிவிட்டு வாருங்கள். மொத்தக் கணக்கு காட்டும் சாதாரண அறிக்கைகளை இந்தக் கெடு தொடாது என்பது ஆறுதல்.

பிரவுசர் வழியை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. மாதம் ஒருமுறை பத்து வரி அறிக்கை வேண்டும், அதை யாருக்காவது மெயிலில் அனுப்ப வேண்டும் என்றால் சிஎஸ்வி (அட்டவணையை எளிய உரையாக வைக்கும் கோப்பு) பொத்தான் போதும். டெர்மினல் பக்கமே போக வேண்டாம். ஆனால் ஒரே அறிக்கையை மூன்றாவது மாதமும் அதே தேதி, அதே வடிகட்டியோடு எடுக்க வேண்டியிருந்தால், எங்கோ ஒரு கிளிக் மாறிப்போகும்; எது மாறியது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. கட்டளை எழுத்தில் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

கர்லும் டேட்டா ஏபிஐயும்

பெரும்பாலான சிறு தளங்களுக்கு என் தேர்வு இதுதான். கர்ல், இணைய முகவரிக்குக் கோரிக்கை அனுப்பிப் பதிலை வாங்கித் தரும், 1998-இலிருந்து இருக்கிற கருவி. லினக்ஸ், மேக் இரண்டிலும் கிடைக்கும்; விண்டோஸ் 10-இன் 2018 பதிப்பிலிருந்து அதிலும் கூடவே வருகிறது. கூகுளின் அனலிடிக்ஸ் டேட்டா ஏபிஐக்கு (நிரல்கள் நேரடியாகத் தரவு கேட்கும் வாசல்) 'ரன் ரிப்போர்ட்' என்ற கோரிக்கையைக் கர்லால் அனுப்பினால் பதில் ஜேசான் என்ற உரை வடிவில் வரும். அதை, ஜேசானைப் பிரித்தெடுக்கும் ஜேக்யூ கருவியில் விட்டுச் சிஎஸ்வி ஆக்கிக்கொள்ளலாம். இவ்வளவுதான் முழு அமைப்பும்.

கோரிக்கையில் நாலு விஷயம் சொல்ல வேண்டும்: பிராப்பர்ட்டி எண் (அனலிடிக்ஸில் உங்கள் தளத்துக்கான எண்), தேதி வரம்பு, டைமென்ஷன், மெட்ரிக். பக்கத் தலைப்பு, நாடு, சாதன வகை போன்றவை டைமென்ஷன். பார்வைகள், பயனர் எண்ணிக்கை போன்றவை மெட்ரிக். ஒரு கோரிக்கையில் 9 டைமென்ஷன், 10 மெட்ரிக் வரை கேட்கலாம். அவ்வளவும் கேட்டால் வரிகள் சில்லுசில்லாக உடைந்து ஒன்றுக்கும் உதவாது; இரண்டு மூன்று போதும்.

கஷ்டம் அனுமதி வாங்குவதில்தான். கூகுள் கிளவுடில் ஒரு புராஜெக்ட் தொடங்கி, அதில் இந்த ஏபிஐயை இயக்கி, மனிதருக்குப் பதில் ஸ்கிரிப்ட் பயன்படுத்தும் சர்வீஸ் அக்கவுண்ட் ஒன்றை உருவாக்க வேண்டும். அதற்கு ஒரு நீளமான மின்னஞ்சல் முகவரி கிடைக்கும். அந்த முகவரியை அனலிடிக்ஸ் பிராப்பர்ட்டியில் 'வியூவர்' அனுமதியோடு ஒரு பயனராகச் சேர்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். கிளவுட் பக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கும், கட்டளை மட்டும் அனுமதி இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லும். அந்த அக்கவுண்டுக்காக இறக்கிக்கொள்ளும் சாவிக் கோப்பை வைத்து, ஜிகிளவுட் என்ற கூகுள் கிளவுட் கட்டளைக் கருவியிடம் டோக்கன் (தற்காலிக அனுமதிச் சீட்டு) வாங்கிக் கர்லுக்குக் கொடுக்கிறோம். டோக்கனின் ஆயுள் ஒரு மணி நேரம். அதனால் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறை ஓடும்போதும் புதிதாக வாங்கட்டும். நிரலைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்துக்குள் சாவிக் கோப்பை வைக்காதீர்கள். அது பாஸ்வேர்டு மாதிரிதான். 'வியூவர்' அனுமதிக்கு மேல் எதுவும் கொடுக்கவும் வேண்டாம்.

பைத்தான் தெரிந்தவர்கள் கூகுளே தரும் நூலகத்தைப் பயன்படுத்தினால் இந்த டோக்கன் வேலையை அது பார்த்துக்கொள்ளும். பக்கம் பக்கமாக இறக்கும் வேலை நிறைய இருந்தால் அதுதான் நல்லது. ஒரு கோரிக்கை, ஒரு கோப்பு என்ற அளவுக்குக் கர்ல் போதும். பழுது வந்தால் என்ன போனது, என்ன வந்தது என்று கண்ணால் பார்க்க முடிவது கர்லின் பெரிய வசதி.

இங்கே வெட்டு எங்கே? எத்தனை வரி வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் 10,000 வரியோடு நிறுத்திவிடும். ஒரு கோரிக்கையில் 2,50,000 வரை கேட்கலாம். அதற்கும் மேல் இருந்தால் எந்த வரியிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லி அடுத்த கோரிக்கை அனுப்ப வேண்டும். மொத்தம் எத்தனை வரி இருக்கிறது என்ற எண் பதிலிலேயே வரும். வந்த வரிகளையும் அந்த எண்ணையும் ஸ்கிரிப்ட் ஒப்பிடட்டும். இன்னும் இரண்டு குறிப்புகள் பதிலின் மெட்டாடேட்டா பகுதியில் ஒளிந்திருக்கும். ஆள் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்று கூகுள் சில வரிகளை மறைத்ததா, வகைகள் அளவுக்கு மீறியதால் மிச்சத்தை 'மற்றவை' என்ற ஒரே வரியில் கொட்டியதா என்று அவை சொல்லும். ஜேக்யூவில் வரிகளை மட்டும் பிரித்தெடுத்து மற்றதைத் தூக்கிப் போட்டால் இவையும் சேர்ந்து போய்விடும். அதனால் மூல ஜேசானை அப்படியே வைத்துக்கொண்டு, சிஎஸ்வியை அதிலிருந்து தனியாகச் செய்யுங்கள்.

பயன்பாட்டு வரம்பைப் பற்றிச் சிறு தளங்கள் கவலைப்படத் தேவையில்லை. இலவசப் பிராப்பர்ட்டிக்கு நாளொன்றுக்கு 2,00,000 டோக்கன். சாதாரணக் கோரிக்கை ஒன்று பத்துக்கும் குறைவாகவே தின்னும். (இது வேறு டோக்கன். அனுமதி டோக்கனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.)

நேற்றைய தரவை இன்று காலை இறக்கினால் அது முழுசாக இருக்காது. ஜிஏ4 கணக்கைச் சரிசெய்து முடிக்க 24 முதல் 48 மணி நேரம் ஆகும். ஒவ்வொரு ராத்திரியும் கடைசி மூன்று நாலு நாளைத் திரும்ப இறக்கி, பழைய கோப்பின் மேலேயே எழுதிவிடுவது நல்ல பழக்கம். நாளுக்கு ஒரு கோப்பு, பெயரில் தேதி என்று வைத்துக்கொண்டால் இது தானாகவே சரியாக நடக்கும்.

தமிழ் முகவரிகள் படுத்தும் பாடு

ஆங்கிலத் தளங்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது இருக்காது. தமிழ்த் தளம் நடத்துபவர்களுக்கோ பாதி வேலை இதில்தான். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். அது இணைய முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரிகிறது. ஆக, ஒரு குறிக்கு 9 இடம். 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து குறி. முகவரியில் 45 இடம். பக்க முகவரியை டைமென்ஷனாகக் கேட்டு இறக்கினால் கோப்பு முழுக்க இந்தச் சதவீதக் காடுதான்.

வேர்ட்பிரஸில் இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. பதிவின் முகவரித் துண்டுக்கு அது ஒதுக்கும் இடம் 200. 'தஞ்சாவூர்ப் பெரிய கோயில்' என்ற மூன்று சொல்லில் 22 குறி, இரண்டு இடைவெளி: சரியாக 200 தீர்ந்தது. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுகள், தஞ்சாவூர்ப் பெரிய கோயில் ஓவியங்கள் என்று இரண்டு பதிவு எழுதினால், நீங்கள் கையால் மாற்றாதவரை இரண்டுக்கும் ஒரே முகவரிதான் தேறும். இரண்டாவதன் வாலில் 2 என்ற எண்ணை ஒட்டிப் பிரித்துவைக்கும். பிளாகரில் கதை இன்னும் மோசம். தமிழ்த் தலைப்பை அது முகவரிக்கு எடுத்துக்கொள்வதே இல்லை. 'பிளாக் போஸ்ட்' என்று ஆங்கிலத்தில் போட்டு ஓர் எண்ணைச் சேர்க்கும். முகவரியைப் பார்த்து எந்தப் பதிவு என்று சொல்லவே முடியாது.

அதனால் தமிழ்த் தளத்துக்கு முகவரியோடு பக்கத் தலைப்பையும் சேர்த்துக் கேளுங்கள். தலைப்பு சாதாரண யூனிகோடாகவே வரும். முகவரியை வைத்துக் கணக்குப் போட வேண்டுமானால், இறக்கியபின் சதவீதக் குறியீட்டை அவிழ்த்து, அதன் பிறகே கூட்டுங்கள். ஏனென்றால் வேர்ட்பிரஸ் அந்தக் குறியீட்டைச் சின்ன எழுத்தில் எழுதும்; யாராவது முகவரிப் பட்டையில் தமிழிலேயே தட்டினால் பிரவுசர் பெரிய எழுத்தில் எழுதும். ஒரே பக்கம் இரண்டு வரியாக நிற்கும். 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளின் துணைக்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறியைச் சேர்த்தும் எழுதலாம். பார்க்க வித்தியாசமே தெரியாது, கணினிக்கு வேறு வேறு. அவிழ்த்த பிறகு, இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் என்எஃப்சி என்ற யூனிகோடு முறையில் ஒழுங்குபடுத்திவிட்டால் இதுவும் தீரும். பைத்தானில் இரண்டு வரி வேலை. பிரவுசர் வழியில் இதைச் செய்ய இடமே இல்லை என்பதால், தமிழ்த் தளங்களுக்குக் கட்டளை வரியின் பக்கம் தராசு நன்றாகவே சாய்கிறது.

இப்படி வரிகளைச் சேர்க்கும்போது பார்வைகளைக் கூட்டலாம். பயனர்களைக் கூட்டக் கூடாது. ஒரே ஆள் இரண்டு வரியிலும் இருக்கக்கூடும்.

அப்புறம் எக்ஸெல். யூடிஎஃப்-8 சிஎஸ்வியை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரிவது பழைய வியாதி. கோப்பின் தலையில் பிஓஎம் என்ற மூன்று பைட் அடையாளத்தைச் சேர்த்துவிடுங்கள், அல்லது லிபர்ஆபிஸில் திறந்துகொள்ளுங்கள். அது குறியாக்கம் எது என்று கேட்டுவிட்டே திறக்கும்.

பிக்குவெரி: எல்லாம் வேண்டும் என்பவர்களுக்கு

டேட்டா ஏபிஐ தருவது கூட்டிக் கழித்த கணக்கு. ஒவ்வொரு நிகழ்வும் தனித்தனியாக வேண்டும், ஒருவர் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போனார் என்று பார்க்க வேண்டும் என்றால் ஜிஏ4-ஐ, கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரியோடு இணைக்க வேண்டும். பழைய யுனிவர்சலில் இது பணம் கட்டும் 360 வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தான் இருந்தது. ஜிஏ4-இல் எல்லாருக்கும் உண்டு. நாளுக்கு ஓர் அட்டவணை வீதம் விழும். இலவசக் கணக்கில் தினசரி ஏற்றுமதிக்கு நாளொன்றுக்கு 10 லட்சம் நிகழ்வு என்று வரம்பு. பெரும்பாலான தமிழ்த் தளங்கள் அதன் பக்கத்தில்கூடப் போகாது. ஆள் அடையாளத்துக்காக வரிகளை மறைப்பதும் 'மற்றவை' வரியும் இங்கே கிடையாது.

இதன் பெரிய வெட்டு காலத்தில். இணைத்த நாளிலிருந்துதான் தரவு வரும், பின்னோக்கிப் போகாது. அதனால் வினவல் எழுதத் தெரியாவிட்டாலும் இணைப்பை மட்டும் போட்டு வைப்பது நல்லது. மாதம் 10 ஜிபி சேமிப்பும் 1 டிபி வினவலும் இலவசம்.

ஆனால் கார்டு விவரம் கொடுக்காமல் 'சாண்ட்பாக்ஸ்' முறையில் தொடங்கினால், அட்டவணைகள் 60 நாளில் தாமாகவே அழிந்துவிடும். சேமித்து வைப்பதற்காக ஓர் இடத்தைத் தேடிப் போய் இரண்டு மாதத்தில் அதையும் இழப்பதற்கு இது சுலபமான வழி. பின்னால் பில்லிங் சேர்த்தாலும், ஏற்கெனவே இருக்கும் அட்டவணைகளின் காலாவதித் தேதியைத் தனியாக நீக்க வேண்டும். கார்டு கொடுக்க மனமில்லை என்றால், அந்த 60 நாளுக்குள் தவறாமல் இறக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இறக்கும் கருவியின் பெயர் பிக்யூ. இதற்குள்ளும் வெட்டு உண்டு. பிக்யூவில் வினவலை ஓட்டி முடிவைக் கோப்பில் எழுதச் சொன்னால், வரி எண்ணிக்கையை நீங்கள் உயர்த்தாதவரை முதல் 100 வரிதான் வரும். கோப்பைத் திறந்து பார்த்தால் ஒழுங்காகத்தான் தெரியும். முழு அட்டவணையை ஏற்றுமதி செய்யலாம் என்றால், அது உங்கள் கணினிக்கு வராது. கிளவுட் ஸ்டோரேஜுக்குப் போகும், அங்கிருந்து இன்னொரு கட்டளையால் இறக்க வேண்டும். ஜிஏ4 அட்டவணையில் ஒரு வரிக்குள் இன்னொரு பட்டியல் அடங்கியிருக்கும் என்பதால் சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்யவும் முடியாது. ஜேசான், ஆவ்ரோ போன்ற வேறு வடிவில்தான் எடுக்க வேண்டும்.

எண்கள் அனலிடிக்ஸ் திரையோடு ஒத்துப்போகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரையில் காட்டும் பயனர் எண்ணிக்கை ஒரு மதிப்பீடு. பிக்குவெரியில் நீங்கள் எண்ணுவது துல்லியம். அட்டவணையின் தேதி உங்கள் பிராப்பர்ட்டியின் நேர மண்டலப்படி இருக்கும். உள்ளே நிகழ்வின் நேரமோ யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். நேர மண்டலத்தைச் சொல்லாமல் தேதி கணக்கிட்டால், நம் ஊர் நேரத்தில் நள்ளிரவுக்கும் அதிகாலை 5.30-க்கும் நடுவே வந்தவர்கள் எல்லாரும் முந்தைய நாளுக்குப் போய்விடுவார்கள்.

எஸ்க்யூஎல் (வினவல் எழுதும் மொழி) தெரியாத ஒருவர் மட்டும் நடத்தும் தளத்துக்கு இதை அன்றாடக் கருவியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். இணைத்து வைப்பது வேறு, தினமும் இதோடு மல்லுக்கட்டுவது வேறு.

கூகுள் இல்லாமல்

சொந்த சர்வர் இருந்தால் இன்னொரு கணக்கு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது: வந்த ஒவ்வொரு கோரிக்கையையும் சர்வரே குறித்துவைக்கும் சர்வர் லாக். அதைக் கோஅக்ஸஸ் என்ற சின்னக் கருவியிடம் கொடுத்தால் டெர்மினலிலேயே அறிக்கை காட்டும். எச்டிஎம்எல், ஜேசான், சிஎஸ்வி மூன்றிலும் எழுதித் தரும். சாவி, டோக்கன், ஏபிஐ எதுவும் வேண்டாம். விளம்பரத் தடுப்பான் போட்டவர்களை அனலிடிக்ஸ் தவறவிடும், லாக் தவறவிடாது. அதே சமயம் மனிதர் அல்லாத வருகையும் லாக்கில் குவியும். ரோபோக்களை விலக்கும் தேர்வு கோஅக்ஸஸில் உண்டு. ஆனால் தங்களைப் பிரவுசர் என்று சொல்லிக்கொண்டு வருபவற்றை அது பிடிக்காது. எனவே லாக் எண்ணும் அனலிடிக்ஸ் எண்ணும் ஒருநாளும் ஒன்றாகாது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடாதீர்கள்.

டெபியன் வகைச் சர்வர்களில் பொதுவாக 14 நாள் லாக்தான் நிற்கும், பழையது சுழற்சியில் போய்விடும். சிபேனல் உள்ள ஷேர்டு ஹோஸ்டிங்கில் 'ரா ஆக்சஸ்' பகுதியில் மாதாந்திர லாக்கைச் சேமிக்கும் பெட்டி ஒன்று இருக்கும், டிக் செய்துவிடுங்கள். லாக்கில் வாசகர்களின் ஐபி முகவரி இருப்பதால், நீண்ட காலம் வைக்கும் அறிக்கைகளில் ஐபியை மழுப்பும் தேர்வைப் பயன்படுத்துவது நல்லது. பிளாகரில் எழுதுபவர்களுக்கு இந்த வழியே கிடையாது; லாக் அவர்கள் கைக்கு வராது.

2018 வரை பிவிக் என்ற பெயரில் இருந்த மட்டோமோ, சொந்த சர்வரில் நிறுவக்கூடிய முழு அனலிடிக்ஸ். தரவு உங்கள் டேட்டாபேஸில் இருப்பதால் காலக் கெடுவை நீங்களேதான் வைப்பீர்கள். கர்லால் ஒரே வரியில் சிஎஸ்வி கேட்கலாம். கூகுளின் அனுமதிச் சடங்கு எதுவும் இல்லை, ஒரு டோக்கன் போதும். அந்த டோக்கனை முகவரியில் ஒட்டாமல், கோரிக்கையின் உள்ளே வைக்கும் போஸ்ட் முறையில் அனுப்புங்கள். முகவரியில் போனால் சர்வர் லாக்கில் பதிந்துவிடும். இங்கேயும் 100 வரியோடு வெட்டு விழும். வரம்பு வேண்டாம் என்பதற்கு கழித்தல் ஒன்று என்று கொடுக்க வேண்டும். சிஎஸ்வியை எக்ஸெலுக்கு வசதியாக யூடிஎஃப்-16-இல் அனுப்புவதுதான் இதன் இயல்பு. தமிழைக் கிரெப் கட்டளையால் தேடி ஒன்றும் அகப்படாவிட்டால் காரணம் அதுதான். அந்த மாற்றத்தை நிறுத்தும் தேர்வும் இருக்கிறது. நிறுவி, புதுப்பித்து, பின்காப்பு எடுக்கும் ஆள் வீட்டில் இருந்தால் மட்டோமோ எனக்குப் பிடித்த வழி. இல்லாவிட்டால் ஒரு வருஷத்தில் பழைய பதிப்பாகிப் பாதுகாப்புச் சிக்கலாக நிற்கும்.

ஆக, வேர்ட்பிரஸில் சில நூறு பதிவுகள், சொந்த டொமைன், கொஞ்சம் டெர்மினல் பழக்கம் உள்ளவருக்கு நான் சொல்வது: கர்லில் டேட்டா ஏபிஐ, குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரானில் தினமும் ஒருமுறை, கூடவே பின்னாளுக்காகப் பிக்குவெரி இணைப்பு. பிளாகர் என்றாலும் இதேதான். பல ஆசிரியர்கள், சந்தா, விளம்பரம் என்று இருக்கும் இதழுக்குப் பிக்குவெரியே மையம். அங்கே எஸ்க்யூஎல் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொள்வது செலவில் சேராது. வாசகர் தரவு கூகுளிடம் போகவே கூடாது என்று நினைப்பவர்களுக்கு மட்டோமோ அல்லது லாக்.

கர்ல் ஸ்கிரிப்ட் எழுதியாகிவிட்டால் அதிலேயே இன்னொரு கோரிக்கையைச் சேர்த்துவிடலாம். எந்தச் சொல்லைத் தேடி உங்கள் தளத்துக்கு வந்தார்கள் என்பதை அனலிடிக்ஸ் சொல்லாது, கூகுளின் இன்னொரு சேவையான சர்ச் கன்சோல்தான் சொல்லும். அதன் தரவு 16 மாதம்தான் நிற்கும். திரையில் இறக்கினால் 1,000 வரி. ஏபிஐயில் ஒரு கோரிக்கைக்கு 25,000 வரை. கிளவுட் புராஜெக்டில் சர்ச் கன்சோல் ஏபிஐயையும் இயக்கிவிட்டு, அதே சர்வீஸ் அக்கவுண்ட் முகவரியை அங்கேயும் பயனராகச் சேர்க்க வேண்டும். தரவு வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால், கடைசி சில நாளைத் திரும்ப இறக்கும் அதே ஏற்பாடு இதற்கும் பொருந்தும்.